பதினாலு உதை

என்ன ஆனாலும் சரி, என் மனைவியின் கால் என் முதுகில் படக்கூடாது. இது என் தீர்மானம். ஹோலி முடிந்த மறுநாள் காலையில், கயிற்றுக் கட்டிலில் குப்புறக் கிடந்தபோது எடுத்தது. மல்லாந்து படுக்க முடியாதவனுக்குத் தீர்மானம் எடுப்பதைத் தவிர வேறு என்ன வேலை?

என் பெயர் ஹோஷியார் சிங். எங்கள் ஹரியானாப் பக்கம் ஹோஷியார் என்றால் கெட்டிக்காரன். இந்தப் பெயரை வைத்த பண்டிதர் போய்ச் சேர்ந்துவிட்டார். இருந்திருந்தால் நேரில் போய் இரண்டு வார்த்தை கேட்டிருப்பேன். முப்பத்தைந்து வருஷம் பஸ் கண்டக்டராக இருந்து, போன வருஷம் ஓய்வு பெற்றவன் நான். ஆயிரக்கணக்கான பேரை முன்னால் தள்ளியிருக்கிறேன். என்னைத் தள்ளியவர்கள் இரண்டே பேர். இருவரும் என் வீட்டுப் பெண்கள்.

வர்ணம் பூசுகிற நாளில் எங்கள் ஊரில் அண்ணிமார் கொழுந்தன்மாரை அடிப்பார்கள். துப்பட்டாவை முறுக்கி, நனைத்து, சாட்டையாக்கி அடிப்பார்கள். நாங்கள் தண்ணீர் ஊற்றலாம், ஓடலாம். திருப்பி அடிக்கக்கூடாது. ஐம்பத்தெட்டு வயதானாலும் அண்ணி இருக்கும்வரை நான் கொழுந்தன்தான். என் அண்ணி சாந்த்ரோவுக்கு அறுபது. தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஸ்கூட்டி ஓட்டுகிறவர்.

அன்றைக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "அண்ணி, கையைத் தூக்க முடியுதா? இல்ல நான் பக்கத்துல வந்து குனியட்டுமா?" என்றேன்.

"குனியுங்க கொழுந்தனாரே," என்றார் அண்ணி.

குனிந்தேன். சத்தியமாக வாளி எடுக்கத்தான் குனிந்தேன். இடுப்பில் ஒன்று விழுந்தது. அதோடு போயிருந்தால் பரவாயில்லை. கால் வழுக்கி, எருமைத் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் அதே இடுப்போடு போய் உட்கார்ந்தேன். ஊரே சிரித்தது. எருமை மட்டும் சிரிக்கவில்லை, அதற்கு என்மேல் கொஞ்சம் மரியாதை உண்டு.

அடித்தது அண்ணி. சாட்டை முறுக்கியது யார் தெரியுமா? என் மனைவி ரிசாலோ. முந்தின நாளே மூன்று துப்பட்டாக்களைச் சேர்த்து முறுக்கி, தொட்டியில் ஊறப் போட்டிருந்தாள். அக்கறையான பெண்.

டவுனில் டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார்.

"எலும்புக்கு ஒண்ணுமில்ல. சதைதான் கன்னிப் போயிருக்கு. ஒரு நாள் ரெண்டு நாள் படுங்க. அப்புறம் எழுந்து நடங்க. தினம் கொஞ்சம் கொஞ்சமா தூரத்தைக் கூட்டுங்க. தொங்குற கட்டில் வேண்டாம், பலகையில படுங்க. சூடு ஒத்தடம் குடுங்க. கால் மரத்துப்போனாலோ, ஒண்ணுக்குப் போறதுல சிரமம் வந்தாலோ உடனே ஓடி வாங்க."

"ஊசி?"

"வேண்டாம்."

ஊசி போடாத டாக்டரை எப்படி நம்புவது? நடந்தால் வலிக்கிறது என்று போனவனை நடக்கச் சொல்கிறார். வீட்டுக்கு வந்து, ஆண்கள் உட்காரும் முன்னறையில், என் கயிற்றுக் கட்டிலில் விழுந்தேன். பக்கத்தில் ஹுக்கா.

"டாக்டர் நடக்கச் சொன்னாரே," என்றாள் ரிசாலோ, மூன்றாம் நாள்.

"வலி எனக்கா, டாக்டருக்கா?"

"உள்ள பலகை போட்டு வச்சிருக்கேன்."

"எனக்கு இதுதான் வசதி."

"கட்டில் நடுவுல தரையைத் தொடுது."

"என் கட்டில். தொட்டுட்டுப் போகட்டும்."

"ஒத்தடமாவது குடுக்கட்டா?"

"ஒத்தடம் குடுக்க வர்ற மாதிரி வந்து காலைத் தூக்குவ. எனக்குத் தெரியாதா?"

அவள் மோரை வைத்துவிட்டுப் போனாள். ரிசாலோ சண்டை போடுகிறவள் அல்ல. போட்டிருந்தால் நான் எப்போதோ ஜெயித்திருப்பேன்.

காலைத் தூக்குவாள் என்று நான் பயந்ததற்குக் காரணம் உண்டு. எல்லோரும் தலை முன்னால் வரப் பிறந்தோம். ரிசாலோ கால் முன்னால் வரப் பிறந்தவள். அப்படிப் பிறந்தவர்கள் உதைத்தால் இடுப்புப் பிடிப்பு விலகிவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. ஞாயிற்றுக்கிழமை, சூரியன் எழும்பும் நேரம். நோயாளி கிழக்கே பார்த்து நிற்க வேண்டும். பின்னாலிருந்து ஏழு உதை. உதைக்கிறவரைத் திரும்பிப் பார்க்கக்கூடாது, பார்த்தால் பலிக்காது. உதைக்கிறவர் காசு வாங்கக்கூடாது. பிறந்த வீட்டில் ரிசாலோவின் வாசலில் ஞாயிற்றுக்கிழமை முப்பது பேர் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார்களாம். பெரிய பெரிய மீசைகள் எல்லாம் அந்தப் பதினெட்டு வயசுப் பெண்ணின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு உதை வாங்கிக்கொண்டு போயிருக்கின்றன.

கல்யாணமான அன்றே நிறுத்திவிட்டேன். "எங்க வீட்டு மருமக ஊரான் முதுகுல கால் வைக்கிறதா? இனி அந்தக் கால் வாசலைத் தாண்டக்கூடாது," என்றேன். "சரி," என்றாள். அவ்வளவுதான். எத்தனை சுலபமாகச் சரி என்றுவிட்டாள் என்று நண்பர்களிடம் பெருமையாகச் சொன்னேன். முப்பத்திரண்டு வருஷம் அந்தச் சரியின்மேல் ஆனந்தமாக உட்கார்ந்திருந்தேன்.

ஒரே ஒரு தடவை ஆடியது. கல்யாணமாகி ஒன்பதாம் வருஷம் அவள் அப்பா வந்தார். கரும்பு வண்டி இடித்து இடுப்பு வளைந்து போயிருந்தது. அறுபது வயது மனுஷன், தரையைப் பார்த்துக்கொண்டே எனக்கு நமஸ்காரம் சொன்னார்.

"மாப்பிள்ளை, ஒரு ஞாயித்துக்கிழமை போதும். ஏழே ஏழு. பெத்த பொண்ணு கால் அப்பன் மேல பட்டா நம்ம பக்கம் புண்ணியம்தானே?"

"சொல்லு சொல்லுதான். ஊரானுக்கு ஒண்ணு, மாமனாருக்கு ஒண்ணுன்னு இருந்தா அது சொல்லா?" என்றேன்.

ரிசாலோ கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். கதவு அசையவில்லை. மத்தியானம் என் பஸ்ஸிலேயே அவரை ஏற்றி அனுப்பினேன். உட்கார முடியவில்லை. முப்பது மைல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே போனார். டிக்கெட் கேட்கவில்லை. அதைப் பெருந்தன்மை என்று நான் நெடுங்காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் வளைந்தபடியே மூன்று வருஷம் இருந்து, வளைந்தபடியே போனார்.

இப்போது புரிகிறதா? இவ்வளவு செய்துவிட்டு, என் இடுப்பு பிடித்துக்கொண்டதும் நான் போய் அவள் முன்னால் முதுகைக் காட்டி நிற்பதா? வலி ஒரு பக்கம் இருக்கட்டும். ரிசாலோ சிரிக்க மாட்டாள். சிரிக்காமல் காலைத் தூக்குவாளே, அதை எப்படித் தாங்குவது?

ஹுக்காவுக்கு வரும் தலீப்புக்கு இதெல்லாம் புரியாது. "மருந்தை வீட்டுக்குள்ள வச்சுக்கிட்டு ஏண்ணே முனகுறீங்க? ரிசாலோ அண்ணிகிட்ட ஏழு வாங்கிட்டு எழுந்து வாங்க," என்பான்.

"வாயை மூடிட்டு புகையை இழு."

"ரெண்டையும் சேர்த்து எப்படிண்ணே செய்யறது?"

பதினைந்து நாள் அப்படியே போனது. வலி குறைவதற்குப் பதில் இடுப்பு கட்டிலின் வடிவத்துக்கே வந்துவிட்டது. அப்போதுதான் சாந்த்ரோ அண்ணி கரும்புச் சர்க்கரையும் குற்றவுணர்வுமாக வந்தார். முக்காட்டுக்குள்ளிருந்து குரலைத் தாழ்த்தினார்.

"கொழுந்தனாரே, கேடி கிராமத்துல என் பெரியம்மா மக இருக்கா. நிஹாலின்னு பேரு. விதவை. அவளும் கால் முன்னால பொறந்தவதான்."

நான் தலையைத் தூக்கினேன். பதினைந்து நாளில் முதல் தடவை.

"ரிசாலோவுக்குத் தெரியக்கூடாது அண்ணி."

"என் வாயிலிருந்து வந்தா இந்தக் கையை வெட்டிப் போடுங்க."

"எந்தக் கை?"

"உங்களை அடிச்ச கைதான். ஆனா அவ நெனைச்ச உடனே உதைக்க மாட்டா. முறை இருக்கு. மூணு வாரம் விரதம் மாதிரி. தினம் விடியக்காலைல நடக்கணும். மொத மூணு நாள் அரசமரம் வரைக்கும். அப்புறம் வாய்க்கால் பாலம். அப்புறம் பாதி வழி, முக்கால் வழின்னு கூட்டிக்கிட்டே போய், கடைசி ஞாயிறு அவ வீடு. வண்டியில ஏறக்கூடாது. பகல்ல படுக்கக்கூடாது. ராத்திரி பலகை. காலையும் மாலையும் சுட்ட செங்கல்ல துணி சுத்தி ஒத்தடம்."

"இதுதான் வைத்தியம். எவ்வளவு நுணுக்கமா சொல்றாங்க பாருங்க. அந்த டாக்டரும் இருக்கானே," என்றேன்.

அண்ணிக்கு ஏனோ இருமல் வந்துவிட்டது.

திட்டம் கச்சிதமாக இருந்தது. மனைவிக்குத் தெரியாமல் இன்னொருத்தி காலில் உதை வாங்குவது. இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள், நான் அப்போது பெருமைப்பட்டேன். அன்று ராத்திரியே ரிசாலோவிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"கட்டில் கயிறு கொஞ்சம் தளர்ந்திருக்கு. அந்தப் பலகை சும்மாதானே கெடக்கு?"

"சும்மாதான் கெடக்கு."

"அடுப்புல என்ன செங்கல்?"

"ஈரமா இருந்துச்சு. காய வச்சேன்."

"சூடா இருக்கற செங்கல் வீணாப் போக வேண்டாமேன்னு பார்த்தேன்."

"எடுத்துக்கங்க. துணி ஆணியில தொங்குது."

மறுநாள் விடியலில் கிளம்பினேன்.

"எங்க?"

"வயலுக்கு. கோதுமை எப்படி இருக்குன்னு பார்க்கணும்."

"பாருங்க. ரெண்டு வாரமா அதுவும் உங்களைக் கேட்டுக்கிட்டே இருக்கு."

முதல் நாள் அரசமரத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாத் தெய்வங்களையும் திட்டிவிட்டேன். நான்காம் நாள் திட்டுவதற்குத் தெய்வம் மிஞ்சவில்லை, பாலம் வரை பேசாமல் போனேன். பத்தாம் நாள் நானே குனிந்து செருப்பு வாரை மாட்டினேன். பச்சையாக இருந்த கோதுமை என் கண்ணெதிரே மஞ்சளாகிக்கொண்டு வந்தது. இன்னும் நிஹாலி காலைத் தூக்கவே இல்லை, அதற்குள் முக்கால் வலி போய்விட்டது. தூரத்திலிருந்தே வேலை செய்கிற கால் என்றால் எப்படிப்பட்ட காலாக இருக்கும் என்று வியந்துகொண்டே நடந்தேன். அந்த மூன்று வாரமும் ரிசாலோ ஒரு கேள்வி கேட்கவில்லை. வெளியே கிளம்பும்போது நெய் விட்டுப் பிசைந்த சூர்மா உருண்டை இரண்டைத் துணியில் கட்டிக் கொடுத்தாள். பாவம், ஏமாளி என்று நினைத்துக்கொண்டேன். மனசாட்சி கொஞ்சம் உறுத்தியது, ஆனால் உருண்டை நன்றாக இருந்தது.

கடைசி ஞாயிறு. இருட்டு விலகும் முன்பே வாய்க்கால் கரையில் நடந்துகொண்டிருந்தேன். பின்னால் ஸ்கூட்டிச் சத்தம். முகத்தை முழுக்க மூடிக்கொண்டு இரண்டு பெண்கள். எங்கள் வழக்கப்படி, மூத்த ஆண்பிள்ளை நான், ஒதுங்கி நின்று வயல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். புழுதியை வாரி என்மேல் இறைத்துவிட்டுப் போனார்கள். யார் வீட்டுப் பெண்களோ, விடியாத பொழுதில் இப்படி ஊர் சுற்றுகிறார்கள், வீட்டில் அதட்டி வைக்க ஓர் ஆண் இல்லை போலிருக்கிறது என்று வருத்தப்பட்டேன்.

கேடியில் நிஹாலி வாசலிலேயே நின்றாள். கைத்தடி ஊன்றிய கிழவி. காலைத் தொட்டுக் கும்பிட்டேன்.

"முற்றத்துல போய் கிழக்கே பார்த்து நில்லுங்க. சுவத்துல கையை ஊனிக்கங்க. திரும்பினா அவ்வளவுதான், எல்லாம் வீணாப் போயிடும்."

"திரும்ப மாட்டேன் அம்மா. நாங்க சொன்னா சொல்லு."

சூரியன் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தது. "ஒண்ணு," என்றாள் நிஹாலி. இடுப்பில் ஒரு பாதம் பதிந்தது. பதமான பாதம். எங்கே வலிக்கிறது என்று தெரிந்து வைத்தது போல இருந்தது. இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே வந்தாள். எண்ணுகிற குரல் வலது ஓரத்திலிருந்து வந்தது, கால் நடுவிலிருந்து வந்தது. நீளமான கால் என்று எடுத்துக்கொண்டேன். ஏழு முடிந்ததும் உடம்பு பஞ்சு மாதிரி ஆகிவிட்டது. கையை எடுக்கப் போனேன்.

"அப்படியே நில்லுங்க. இன்னும் இருக்கு."

"ஏழுதானே அம்மா கணக்கு?"

"சிலருக்கு அதிகமாத் தேவைப்படும். ஒண்ணு."

முதல் ஏழு வைத்தியம். அடுத்த ஏழு அப்படி இல்லை. இடுப்பை விட்டுக் கொஞ்சம் கீழே, சதை தாராளமாக உள்ள இடத்தில் விழுந்தன. ஒவ்வொன்றுக்கும் நடுவில் நல்ல இடைவெளி. உதைத்தவர் மூச்சு வாங்குவது கேட்டது. பதினாலாவதில் என் மூக்கு சுவரில் இடித்தது. அதற்குப் பிறகு மெதுவாக யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம். கிழவிக்குச் சளி என்று நினைத்தேன்.

ஆனால் வலி? சுத்தமாக இல்லை. ஊர் திரும்பும் நாலு மைலும் நிமிர்ந்து நடந்து வந்தேன். வீட்டுக்குள் நுழையவில்லை, நேரே சாவடிக்குப் போய் ஹுக்கா சபையில் உட்கார்ந்தேன். ஆறு பேர் இருந்தார்கள். ரகசியம் என்பது வயிற்றில் தங்காது, முதுகில் வாங்கியதானாலும்.

"கேடி நிஹாலி. அதுதான் கால்," என்றேன்.

"நம்ம அண்ணி காலை விடவா?" என்றான் தலீப்.

"அதெல்லாம் அந்தக் காலம். இந்தக் கால் பட்டா செத்தவன் எழுந்து உக்காருவான். இப்படி ஒரு காலை எவனாவது வீட்டுக்குள்ள பூட்டி வச்சான்னா, அவன் மனுஷனே இல்ல. கழுதை. ஊருக்கே துரோகி. இந்த ஹுக்காவைத் தொட்டுச் சொல்றேன்."

"தொட்டுச் சொல்லுங்க," என்றார்கள் ஆறு பேரும்.

தொட்டுச் சொன்னேன். ஹுக்காவைத் தொட்டுச் சொன்ன பேச்சை எங்கள் ஊரில் யாரும் திரும்ப வாங்கியதில்லை.

அடுத்த ஞாயிறு விடியலில் வாசலில் முணுமுணுப்புக் கேட்டது. கதவைத் திறந்தேன். பன்னிரண்டு பேர். அத்தனை பேரும் கிழக்கே பார்த்து, எங்கள் வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். கடைசியில் தலீப்.

"என்னடா இது?"

"நீங்கதானேண்ணே சொன்னீங்க, பூட்டி வைக்கிறவன் கழுதைன்னு. அண்ணி நேத்தே சொல்லி அனுப்பிட்டாங்க, இனி ஞாயித்துக்கிழமை உண்டுன்னு."

உள்ளே ஓடினேன். ஓடினேன் என்பதைக் கவனியுங்கள், அவ்வளவு குணமாகியிருந்தது. ரிசாலோ தாழ்வான மணையில் உட்கார்ந்து, கொலுசைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"யாரைக் கேட்டு இதெல்லாம்?"

"ஹுக்காவைக் கேட்டு."

"நான் சொன்னது நிஹாலி காலை."

"நிஹாலிக்கு முட்டி வலி. காலைத் தூக்கி ஆறு வருஷமாச்சு. அவங்க உங்களை மாதிரி தலை முன்னாலதான் பொறந்தாங்க."

நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு இப்போது சுவரைப் பிடிப்பது நன்றாகப் பழகிவிட்டது.

"அந்த ஸ்கூட்டி?"

"முகத்தைத் திருப்பிக்கிட்டு நின்னீங்க. பார்க்க மரியாதையா இருந்துச்சு."

"அந்த மூணு வாரம்? அரசமரம், பாலம்?"

"டாக்டர் சொன்னதுதான். நான் சொன்னா நடப்பீங்களா?"

இரண்டாவது கொலுசையும் கழற்றி மாடத்தில் வைத்தாள். பாதத்தைத் துடைத்துக்கொண்டாள். முப்பத்திரண்டு வருஷம் என் வீட்டில் நடந்த பாதம்தான், நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். குதிகாலில் வெடிப்பு. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வழக்கமாக எல்லாக் கண்டக்டர்களும் கடைசியில் கேட்பதைக் கேட்டேன்.

"கணக்கு ஏழுதானே. எனக்கு ஏன் பதினாலு?"

"ஏழு உங்க இடுப்புக்கு."

"மீதி ஏழு?"

அவள் எழுந்து முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். முகம் தெரியவில்லை.

"அது எங்கப்பாவோடது. அவர்தான் வாங்காமலே உங்க பஸ்ல ஏறிட்டாரே."

என்னைத் தாண்டி வாசலுக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன். வரிசை தெருவை அடைத்துக்கொண்டு நின்றது, எருமை வண்டி ஒன்று போக வழியில்லாமல் காத்திருந்தது. யாராவது சொல்லித்தானே ஆக வேண்டும்.

"எல்லாரும் கொஞ்சம் முன்னால நகருங்க," என்றேன்.